வளரி வாத்தியார்

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதர் கையில் கம்பை எடுத்துக்கொண்டு, 'நாளையிலேருந்து சிலம்பம் கத்துக்கப் போறேன்' என்று வீட்டில் அறிவித்தால் என்ன நடக்கும்? முதலில் சிரிப்பார்கள். அப்புறம், 'டியூப் லைட் பத்திரம்' என்பார்கள். மூன்றாம் நாள் அவர் தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது, 'நான்தான் அப்பவே சொன்னேனே' வந்து சேரும்.

இருந்தாலும் போகிறார்கள். சிலம்பம், கராத்தே, குத்துவரிசை என்று ஏதோ ஒன்று. ஏன் சார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் அநேகமாக இரண்டே வகைதான். முதலாவது தொப்பை. டாக்டர் நடக்கச் சொன்னார், நடப்பது போரடிக்கிறது, அதனால் கம்பு. இரண்டாவது பதில் கொஞ்சம் கூச்சத்தோடு வரும். 'நாலு பேர் பழக்கமானாங்க.' எதிரே நிற்கிறவர் கம்பை ஓங்குகிறார். நாம் தடுக்கிறோம். தடுக்கத் தெரியாமல் முட்டியில் ஒன்று வாங்குகிறோம். அப்புறம் இருவரும் சேர்ந்து டீ குடிக்கப் போகிறோம். பத்து வருஷமாக ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு வராத நெருக்கம், முட்டியில் அடித்தவரோடு ஒரே மாசத்தில் வந்துவிடுகிறது.

சண்டை கற்றுக்கொள்ளப் போய் சிநேகிதம் சம்பாதிப்பது. விநோதமான வியாபாரம்தான், இல்லையா? இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே தமிழ்நாட்டில், இதே வியாபாரத்தில் இறங்கிய ஒரு இளைஞனைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். வெள்ளைக்கார இளைஞன். கம்பெனி ராணுவத்து அதிகாரி. அவனுக்கு வாய்த்த வாத்தியார் யார் என்று தெரிந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு வரைபடம். மனசுக்குள் போட்டுக்கொண்டால் போதும்.

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டினால் திருமானூர். வடகரை ஊர். அங்கே நின்றுகொண்டு சுற்றிலும் பாருங்கள். தெற்கே, ஆற்றைத் தாண்டி, தஞ்சாவூர். மராட்டிய ராஜாக்களின் அரண்மனை, அதற்குள் ஆயுதசாலை. வடக்கே அரியலூர், அதற்குக் கிழக்கே உடையார்பாளையம். இரண்டுமே ஒரு காலத்தில் பாளையங்கள். அதாவது சொந்தமாகக் கோட்டையும், ஈட்டி பிடிக்க ஆளும் வைத்திருந்த சின்னச் சின்ன ராஜ்ஜியங்கள். மேற்கே, இதே கொள்ளிடத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சலில் போனால் ஸ்ரீரங்கம், திருச்சிக் கோட்டை. அங்கிருந்து தெற்கே இறங்கினால் புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை.

நம் கதையில் இந்த எல்லா ஊர்களுக்கும் வேலை இருக்கிறது. தொடங்குவது மட்டும் சிவகங்கைச் சீமையில்.

1795, பிப்ரவரி மாதம். ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற ஸ்காட்லாந்துக்காரன் சிவகங்கை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறான். பிறந்தது 1775-ல். இருபதை ஒட்டிய வயது. கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகிறது. அப்போது அவனுக்கு வாசம் மதுரைக் கோட்டையில். வழியில் சிறுவயல் என்ற ஊரில் அந்தச் சீமையை ஆளுகிற மனிதரை மரியாதைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று எட்டிப் பார்க்கிறான்.

அந்த மனிதர் சின்ன மருது.

ஆம், அவரேதான். பாடப்புத்தகத்தில் முறுக்கு மீசையோடு அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்பாரே, அவர். பட்டம் கட்டிக்கொண்ட ராஜா அல்ல. 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டபோது கூடவே நின்ற இரண்டு சேர்வைக்காரச் சகோதரர்களில் இளையவர். பெரியவர் பெரிய மருது என்கிற வெள்ளை மருது. சீமையின் நிர்வாகம் முழுக்க இளையவர் கையில். சின்ன மருது 1753-ல் பிறந்தவர் என்பார்கள். அப்படியானால் வெல்ஷ் பார்க்கும்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது.

பார்த்த மாத்திரத்தில் வெல்ஷ் அசந்துபோனான். ஏன் என்பதை 35 வருஷம் கழித்து, 1830-ல் லண்டனில் வெளியான தன் ராணுவ நினைவுக் குறிப்புகளில் விஸ்தாரமாக எழுதியிருக்கிறான். கறுப்பு நிறம், வாட்டசாட்டமான உடம்பு, அழகான முகம், இனிமையான சுபாவம். இதெல்லாம் கூடப் பெரிசில்லை. ஒரு தலையசைப்பு போதும், அதுவே சட்டம் என்கிற அளவுக்கு அதிகாரம் உள்ள மனிதர். ஆனால் அவர் அரண்மனை வாசலில் ஒரே ஒரு காவல்காரன்கூடக் கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், போகலாம். வருகிறவர்கள் வாயெல்லாம் வாழ்த்து. கம்பெனிக்காரன் கண்ணுக்கு இது நம்ப முடியாத காட்சி. மதராஸில் சாதாரண கலெக்டரைப் பார்க்கவே நாலு டவாலியைத் தாண்ட வேண்டியிருக்கும்.

தற்செயலாகப் போன அந்தச் சந்திப்பு அதோடு முடியவில்லை. வெல்ஷ் மதுரையில் இருந்த காலம் முழுக்க சிறுவயலிலிருந்து அவனுக்குப் பரிசுகள் வந்துகொண்டே இருந்தன. முதல்தரமான அரிசி. பழங்கள். அதிலும் சொரசொரப்பான தோல் உள்ள பெரிய ஆரஞ்சு ஒன்று. அப்படியொரு தித்திப்பு, இந்தியாவில் வேறெங்குமே அதைப் பார்த்ததில்லை என்று கிழவயதில் நாக்கைச் சப்புக்கொட்டுகிறான். கிச்சிலிப் பழமாக இருக்குமோ? கிச்சிலி புளிக்குமே. தெரிந்த தோட்டக்கலைக்காரர்கள் யாராவது சொன்னால் புண்ணியம்.

நான் படித்தது பி.காம். பரிசு என்றதும் பேரேட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். 1792-ல் நவாபோடு போட்ட ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்கு வந்துவிட்டது. மதுரைக் கோட்டையில் இருப்பவர்கள் கம்பெனி சிப்பாய்கள். பக்கத்துச் சீமைக்காரர் அந்த அதிகாரிகளை அனுசரித்துப் போவது ராஜதந்திரம். அரிசியையும் ஆரஞ்சையும் அந்தக் கணக்கில் எழுதிவிடலாம்.

அடுத்த ஐட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சின்ன மருது அவனுக்கு ஆயுதம் எறியக் கற்றுக்கொடுத்தார்.

முதலில் ஈட்டி. பிறகு வளரி. தனக்கு முதன்முதலில் இந்த இரண்டையும் எறியச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்று வெல்ஷே எழுதி வைத்திருக்கிறான். வளரி என்று அவனுக்குச் சொல்ல வரவில்லை. வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'கொல்லரி ஸ்டிக்'. கள்ளர் தடி என்பது அவர்கள் வாயில் அப்படித் திரிந்துவிட்டது. நம்மூரில் வளைதடி என்றும் சொல்வார்கள்.

வளரியைப் பார்த்திருக்கிறீர்களா? பிறைச்சந்திரன் மாதிரி வளைந்திருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள். இரும்பிலும் உண்டு. அரண்மனைக்காரர்கள் என்றால் தந்தம். ஒரு முனை மெலிசு, மறு முனை கனம். வெளிப்பக்கத்து விளிம்பைக் கூராக்கி வைத்திருப்பார்கள். மெலிந்த முனையைக் கையில் பிடித்து, தோளுக்கு மேலாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, சரியான நொடியில் விட வேண்டும். அந்தச் சரியான நொடி எது என்பதில்தான் மொத்த வித்தையும். ஒரு இமைப்பு முன்னால் விட்டால் வலது பக்கம் ஆலமரம். ஒரு இமைப்பு தாமதித்தால் இடது பக்கம் வேடிக்கை பார்க்கிற ஆள். எறிந்தவன் கைக்கே திரும்பி வரும் என்று சிலர் ஆஸ்திரேலிய பூமராங்கோடு சேர்த்துச் சொல்வதுண்டு. கற்றுக்கொண்டவன் அப்படி எதுவும் எழுதவில்லை. அவன் எழுதியது வேறு. கை பழகியவன் எறிந்தால் நூறு கஜத்துக்குள் எந்தத் தூரத்தில் இருப்பதையும் குறி தப்பாமல் அடிக்கலாம்.

நூறு கஜம் என்றால் 91 மீட்டர். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கிய ஈட்டி போய் விழுந்தது 87.58 மீட்டரில். ஈட்டியும் வளரியும் வேறு வேறு சாமான், எடை வேறு, பறக்கிற விதம் வேறு என்பதெல்லாம் சரி. வெல்ஷ் கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். நினைவுக் குறிப்பு எழுதுகிற கிழவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆனால் நீரஜ் தூரத்துக்குத்தான் எறிகிறார். இது குறி பார்த்து எறிகிற சமாசாரம்.

கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு சீமையை ஆளுகிற நாற்பத்திரண்டு வயது மனிதர், இருபது வயது அந்நியப் பையனுக்கு மணிக்கட்டை எப்படித் திருப்புவது என்று காட்டுகிறார். அவன் எறிகிறான். எங்கேயோ போகிறது. மறுபடி எடுத்துக் கொடுக்கிறார். ராஜதந்திரம் என்றால் அரிசி மூட்டையோடு நிறுத்தியிருக்கலாம். தன் ஜனங்களின் போர் ஆயுதத்தை, பக்கத்துக் கோட்டைப் பட்டாளத்து அதிகாரிக்கு, கை பிடித்துச் சொல்லிக்கொடுக்கிற ராஜதந்திரம் எந்த ஊரில் உண்டு? அந்த ஐட்டத்தை நான் சிநேகிதக் கணக்கில்தான் எழுதுவேன்.

அண்ணனைப் பற்றியும் வெல்ஷ் எழுதியிருக்கிறான். வெள்ளை மருதுக்கு நிர்வாகத்தில் துளி ஆர்வம் கிடையாது. காடு, வேட்டை, இரண்டே உலகம். அசாத்திய உயரம், அசாத்திய பலம். ஆற்காடு ரூபாய் நாணயத்தை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று பேச்சு. தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ஊர் ஊராகப் போய் அங்குள்ள வெள்ளைக்காரர்களைப் பார்த்துவிட்டு வருவார். எல்லோருக்கும் பிடித்த மனிதர். யாருக்காவது வேட்டைக் கறி வேண்டுமானால் வெள்ளை மருதுக்குச் சொல்லி அனுப்பினால் போதும். கூடவே வேட்டைக்கு வருகிறோம் என்றால் அழைத்துப் போவார். புலி வந்தால் துப்பாக்கிக்காரத் துரைமார்களுக்கு முன்னால் போய் நிற்பது ஈட்டியோடு அவர்தான்.

1795-ல் நிலவரம் இது. ஆறே வருஷம்.

1799 அக்டோபர் 16. கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பித்தார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களுக்குள் மறுபடி எழுப்பிவிட்டார்கள். மே மாதம் கர்னல் ஆக்னியூ பெரும் படையோடு வந்து அதைப் பிடித்தார். அந்தப் படையில் வெல்ஷும் இருந்தான். ஊமைத்துரை மறுபடி தப்பித்து ஓடினார். எங்கே? சிறுவயலுக்கு.

காவல்காரன் இல்லாத அந்த வாசலில் அவர் வந்து நின்றார். சின்ன மருது உள்ளே அழைத்தார்.

கம்பெனி ஒப்படைக்கச் சொன்னது. மருது சகோதரர்கள் முடியாது என்றுவிட்டார்கள். ஜூன் மாதம் 16-ம் தேதி வெளியான அறிக்கையைத்தான் இன்று 'ஜம்புத்தீவுப் பிரகடனம்' என்கிறோம். ஒட்டப்பட்ட இடங்கள் திருச்சிக் கோட்டையும், ஸ்ரீரங்கம் கோயில் மதிலும். நம் திருமானூருக்கு மேற்கே, அதே கொள்ளிடக் கரை. எல்லா ஜாதிக்காரர்களும் எல்லா ஊர்க்காரர்களும் சேர்ந்து ஐரோப்பியர்களை ஒழிக்க வேண்டும் என்று அழைக்கிற அறிக்கை. கடைசியில் மருது பாண்டியன் கையெழுத்துப் போடுகிறபோது, தன்னை ஐரோப்பிய ஈனர்களின் தீராத விரோதி என்று சொல்லிக்கொள்கிறார். ஐரோப்பியப் பையனுக்கு ஆரஞ்சு அனுப்பிய அதே மனிதர். இதில் முரண்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பையன் வேறு, கம்பெனி வேறு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. வெல்ஷுக்கு அந்த வசதி இல்லை. அவன் கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிறவன்.

ஜூலை கடைசியில் ஆக்னியூவின் படை சிறுவயலை நெருங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஊரே எரிந்து கிடந்தது. எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று மருது சகோதரர்களே கொளுத்திவிட்டு, காளையார்கோயில் காட்டுக்குள் போயிருந்தார்கள். வெல்ஷ் ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த ஊர் அது. காட்டை வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு காளையார்கோயிலுக்குப் போய்விடலாம் என்று கம்பெனிப் படை நினைத்தது. ஒரு மாசம் வெட்டினார்கள். இரண்டு பக்கமும் முள் காடு. எந்தப் புதரிலிருந்து ஈட்டி வரும் என்று தெரியாது. வெல்ஷுக்கு மட்டும் அது எப்படி வரும் என்று தெரியும். அவன் படித்த பள்ளிக்கூடம் அல்லவா!

அந்த முயற்சியைக் கைவிட்டுப் பின்வாங்கினார்கள். அப்புறம் கம்பெனி தனக்குக் கைவந்த வேலையைச் செய்தது. சிவகங்கைக்கு வேறொரு வாரிசைக் கொண்டுவந்து பட்டம் கட்டியது. ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். அக்டோபர் 1-ம் தேதி மூன்று பக்கத்திலிருந்தும் படைகள் புகுந்து காளையார்கோயிலைப் பிடித்தன. மருது சகோதரர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். வேட்டை தொடங்கியது.

நான் வேட்டை என்றது அலங்காரத்துக்காக இல்லை. காட்டு மிருகத்தைத் துரத்துவதுபோல அந்த மனிதரைத் துரத்த வேண்டியதாயிற்று என்கிற அர்த்தத்தில் வெல்ஷே எழுதியிருக்கிறான். சின்ன மருதுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்த நிலையில்தான் பிடித்தார்கள். பிடித்தவர்களும் பெரிய வீரர்கள் யாருமில்லை, சாதாரணச் சேவகர்கள் என்று சொல்லும்போது வெல்ஷின் குரலில் ஒரு வருத்தம் தெரிகிறது. சிறையில் அவர் வலியோடு கிடந்ததையும் பார்த்தான். 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர். சென்னை போகிற வழியில் வரும் திருப்பத்தூர் இல்லை, சிவகங்கைத் திருப்பத்தூர். கோட்டையில் வாத்தியாரும், புலிக்கு முன்னால் நின்ற அண்ணனும், குடும்பத்தாரும், முக்கியமான ஆட்களும் தூக்கில் தொங்கினார்கள். அதையும் பார்த்தான்.

வெல்ஷ் எதையாவது தடுத்திருக்க முடியுமா? ஒரு சின்ன அதிகாரி. தடுக்க முயன்றதாக எங்கும் சொல்லவில்லை. கம்பெனி செய்தது தப்பு என்று உரக்கச் சொல்லவும் இல்லை. ஆனால், தூக்கில் போடப்பட்ட எதிரியைப் பற்றி, ஜெயித்த கட்சியைச் சேர்ந்த ஒருவன், அவர் வீட்டு வாசல் திறந்திருந்தது, அவர் ஜனங்கள் அவரை வாழ்த்தினார்கள், அவர் எனக்குச் சிநேகிதர் என்று எழுதி அச்சுப் போடுவது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. கம்பெனியின் மற்ற ஆவணங்களில் மருது சகோதரர்கள் வெறும் 'கலகக்காரர்கள்'. மணிக்கட்டைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த அந்தச் சில நாட்கள் இல்லாமல் போயிருந்தால், சின்ன மருதுவின் முகம் இவ்வளவு பக்கத்தில் நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, ஆயுதங்கள் என்ன ஆயின?

தூக்கு நடந்து ஐந்து வாரம். டிசம்பர் 1-ம் தேதி மதராஸ் கவர்னர் ஒரு அறிக்கை வெளியிட்டார். எட்வர்ட் கிளைவ். பிளாசி கிளைவின் மகன். இனிமேல் தென்சீமையில் பாளையக்காரர்கள் கோட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. ஜனங்கள் ஆயுதம் வைத்திருப்பதும், ஆயுதப் பயிற்சியும் ஒழிக்கப்படும். 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இதையே நாடு முழுமைக்கும் லைசென்ஸ் விவகாரமாக மாற்றியது. பாளையக்காரர்களில் மிஞ்சியவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். உடையார்பாளையமும் அரியலூரும்கூட அப்படித்தான் ஜமீன்களாகிப் போயின. கிஸ்தி கட்டுகிற ஜமீனுக்கு ஈட்டி எதற்கு?

கம்பு பிழைத்துக்கொண்டது. இது என் கணிப்பு. துப்பாக்கியையும் ஈட்டியையும் வீடு வீடாகப் போய்ப் பறிக்கலாம். மூங்கில் கம்பை எப்படிப் பறிப்பது? மாடு மேய்க்கிறவர் கையில் இருப்பதும் கம்பு, ராத்திரி வரப்பில் பாம்பு தட்டப் போகிறவர் கையில் இருப்பதும் கம்பு. கோயில் திருவிழாவில் சாமிக்கு முன்னால் சுற்றினால் பக்தி. அதே சுற்றை இருட்டில் சுற்றினால் சண்டை. எந்த சர்க்கார் எதைத் தடுக்கும்?

வளரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பார்த்தாலே தெரிந்துவிடும், இது எறிவதற்கென்றே செய்தது என்று. 1909-ல், மதராஸ் மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி ஏழு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அதில் புதுக்கோட்டை சமஸ்தானத்து திவான் தந்த ஒரு குறிப்பு இருக்கிறது. வளரியை எறியத் தெரிந்த நிபுணர்கள் இப்போது யாரும் இல்லை. எப்போதாவது முயல், காட்டுக்கோழி அடிக்க உபயோகிப்பதாகக் கேள்வி. மற்றபடி பழைய வீரர் குடும்பங்களில் அது பூஜை அறைக்குப் போய்விட்டது. ஆயுத பூஜைக்கு எடுத்துத் துடைத்து, கும்பிட்டு, திரும்ப உள்ளே வைத்துவிடுகிறார்கள். நூறு வருஷம். ஒரு சீமையின் ஆயுதம் சாமியாகிவிட்டது.

அதே தர்ஸ்டன் காலத்து மதராஸ் மியூசியத்தில் மூன்று வளரிகள் இருந்தன. இரண்டு தந்தம், ஒன்று மரம். மூன்றும் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து போனவை. கொள்ளிடத்துக்குத் தென்கரைச் சாமான்கள்.

கம்பின் கதை வேறு மாதிரி திரும்பிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பிடித்தது. போட்டிகள் நடந்த நாலு ஊர்களில் திருச்சியும் ஒன்று. 1801-ல் கோட்டையில் அறிக்கை ஒட்டப்பட்ட அதே திருச்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சர்ட்டிபிகேட்டுக்காகச் சுற்றுகிறார்கள், அப்பாக்கள் தொப்பைக்காகச் சுற்றுகிறார்கள். சுற்றட்டும். சலாவரிசை போட்டு, எதிரே நிற்பவரை வணங்கிவிட்டுத்தானே தொடங்குகிறார்கள்.

வெல்ஷ் கதையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

தூக்கில் போடாமல் விட்டவர்களில் சின்ன மருதுவின் மகன் ஒருவனும் இருந்தான். பெயர் துரைசாமி. பதினைந்து வயசு. தூக்குக்குச் சின்னவன், விட்டுவிடப் பெரியவன் என்று கம்பெனிக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிவகங்கையின் பழைய ராஜா வேங்கன் பெரிய உடையணத் தேவர் உட்பட எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு அவனையும் நாடு கடத்தத் தீர்மானித்தார்கள். பினாங்குத் தீவுக்கு. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பல் புறப்பட்டது. கப்பலின் பெயர் அட்மிரல் நெல்சன்.

அந்தச் சமயத்தில் தூத்துக்குடியில் கைதிகளைக் காவல் காக்கிற பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? வெல்ஷிடம். வாத்தியாரின் பிள்ளை விலங்கோடு வந்து நிற்கிறான். கப்பல் ஏற்றுகிறவரை அவனை முடிந்த அளவு நல்லபடியாக நடத்தினான் வெல்ஷ். பையனின் பொறுமையைப் பார்க்கப் பார்க்க அவனுக்கே தாங்கவில்லை. ஆனாலும் கப்பல் ஏற்றினான்.

பதினாறு வருஷம் போயிற்று. 1818. வெல்ஷ் ஒரு பயணத்தில் பினாங்கில் இருக்கிறார். இனிமேல் அவன், இவன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. நாற்பதைத் தாண்டிவிட்டார். சிறுவயலில் பார்த்தபோது சின்ன மருதுக்கு இருந்த வயது ஏறக்குறைய.

அறையில் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று ஒரு கிழவர் உள்ளே வருகிறார். தளர்ந்துபோன உடம்பு. கை கூப்பியபடி நிற்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. பேச்சு வரவில்லை. யாரோ உதவி கேட்க வந்தவர் என்று நினைத்து, யாரப்பா நீ என்கிறார் வெல்ஷ்.

'துரைசாமி' என்கிறார் அந்தக் கிழவர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1802-ல் பதினைந்து என்றால் 1818-ல் முப்பத்தொன்று. முப்பத்தொரு வயது ஆளைக் கிழவர் என்று நினைக்கும்படி பினாங்கு செய்திருந்தது. அந்தப் பெயர் தன் நெஞ்சில் கத்தி மாதிரி இறங்கியது என்கிறார் வெல்ஷ். ஊருக்கு வெல்ஷ் என்று ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பழைய சிநேகிதத்தை நினைத்து, காவலுக்குத் தப்பிப் பார்க்க வந்திருக்கிறார் துரைசாமி.

உயிரோடு இருக்கிற உறவுக்காரர்களுக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமா என்பதுதான் அங்கே இருந்த கேள்வி. நாடு கடத்தப்பட்டவர்கள் விஷயத்தில் உத்தரவு கண்டிப்பானது. கடிதம்கூடக் கூடாது.

வெல்ஷ் உத்தரவை மீறவில்லை. கடிதம் வாங்காமல்தான் கப்பலேறினார். பன்னிரண்டு வருஷம் கழித்து லண்டனில் புத்தகம் வந்தபோது அதில் அந்தச் சந்திப்பை எழுதினார். ஈட்டி, வளரி, நல்ல அரிசி, சொரசொரப்பான தோலுள்ள ஆரஞ்சுப் பழம் எல்லாவற்றையும் எழுதினார்.